சுண்டெலிக்கு எத்தனை அர்த்தம்?

காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் அட்டைகளைக் கொடுத்த மறுநாள் காலை, முதல் மணி அடிப்பதற்கு முன்பே ஓர் அம்மா என்னைத் தேடி வந்து ஆசிரியைகள் அறை வாசலில் நின்றார். கையில் மகளின் அட்டை. முகம் வாடியிருந்தது.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. நான் படிக்காதவ. எம் பொண்ணை எலின்னு எழுதியிருக்கீங்களாமே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஆசிரியையின் குறிப்பு என்ற கட்டத்தில், என் கையெழுத்தில், இவள் மௌஸைப் போல அமைதியானவள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அது ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் தொடர்தான். நாற்பது அட்டைகளுக்குக் குறிப்பு எழுதிக் கை ஓய்ந்த இரவு நேரத்தில் யோசிக்காமல் எழுதிவிட்டேன். அந்தச் சிறுமியோ வீட்டில் அகராதியைப் புரட்டி, மௌஸ் என்றால் சுண்டெலி என்று படித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காதிலும் அது விழுந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? அன்றிரவு அவள் சாப்பிடவில்லையாம்.

அம்மாவிடம் விளக்கம் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு சிரித்தார். ஆனால் போகும்போது, "அப்போ எலின்னா இங்கிலீஷ்ல நல்ல வார்த்தையா டீச்சர்?" என்று கேட்டாரே, அதற்கு மட்டும் எனக்கு உடனே பதில் வரவில்லை. பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிப்பவள் நான்! அன்று மாலையே நூலகத்துப் பெரிய அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுண்டெலி புகுந்த வளைக்குள் நானும் புகுந்தேன். எங்கெங்கோ கொண்டுபோய் விட்டது அது. அந்தப் பயணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிராணியைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். நாம் பொதுவாக எலி என்று சொல்வதை ஆங்கிலேயர் இரண்டாகப் பிரிக்கின்றனர். பெரியது ராட், சிறியது மௌஸ். நமது சுண்டெலிதான் மௌஸ். பெருச்சாளிக்கு அவர்களிடம் சொந்தச் சொல் இல்லை. 'பந்திகொக்கு' என்ற தெலுங்குச் சொல்லைக் கடன் வாங்கி 'பாண்டிகூட்' என்று ஆக்கிக்கொண்டார்கள். பன்றி எலி என்பது அதன் பொருள். மூஞ்சூறு நம் வீட்டு மூலைகளில் ஓடினாலும் அது எலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. பூச்சிகளைத் தின்னும் வேறு இனம்.

மௌஸ் என்ற சொல் மிகப் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் இதை மூஸ் என்றனர். இலத்தீனில் மூஸ், கிரேக்கத்தில் மூஸ், சமஸ்கிருதத்தில் மூஷ். மூஷிகம் என்று நாம் சொல்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். லண்டனில் இருக்கும் சுண்டெலியும் பிள்ளையார் கோயில் மூஷிகமும் பெயரளவில் ஒரே பாட்டிக்குப் பேத்திகள்! திருடுதல் என்ற பொருளுடைய ஒரு பழைய வேர்ச்சொல்லிலிருந்து இவை பிறந்தன என்று கூறுவோரும் உண்டு. அரிசி மூட்டையைப் பறிகொடுத்த எவரும் அதை மறுக்கமாட்டார். ஆனால் 'அந்த நடிகருக்கு இப்போது மவுசு அதிகம்' என்கிறோமே, அந்த மவுசுக்கும் எலிக்கும் எந்த உறவும் இல்லை. ஒலி மட்டுமே ஒன்று.

இனி, ஆண்டுதோறும் ஆறாம் வகுப்பில் தவறாமல் எழும் கேள்வி. "மிஸ், மௌஸ் பன்மையில் மைஸ் ஆகிறது. அப்படியானால் ஹௌஸ் ஏன் ஹைஸ் ஆகவில்லை?" இது குறும்புக் கேள்விபோலத் தோன்றினாலும் நியாயமான கேள்வி. பதில் இதுதான். மிகப் பழைய காலத்தில் மூஸ் என்பதன் பன்மை, கடைசியில் 'இஸ்' போன்ற ஒரு விகுதியைப் பெற்றிருந்தது. பின்னால் வரப்போகும் இகரத்தை எண்ணி, நாக்கு முன்கூட்டியே தயாராகி, ஊகாரத்தை ஈகாரத்தின் பக்கம் இழுத்துவிட்டது. நாளடைவில் விகுதி தேய்ந்து மறைந்தது. இழுபட்ட உயிரெழுத்து மட்டும் எஞ்சியது. ஃபுட் ஃபீட் ஆனதும், டூத் டீத் ஆனதும், கூஸ் கீஸ் ஆனதும், மேன் மென் ஆனதும் இந்த வழியில்தான். ஹௌஸ் என்ற சொல்லோ பழைய ஆங்கிலத்தில் வேறு வகுப்பைச் சேர்ந்தது. அதற்குப் பன்மையில் எந்த விகுதியும் இல்லை. ஒரு வீட்டுக்கும் ஊஸ் போல ஹூஸ்தான், பல வீடுகளுக்கும் ஹூஸ்தான். இழுக்க ஆளில்லாததால் அது இழுபடவில்லை. பிற்காலத்தில் மற்றச் சொற்களைப் பார்த்து அதுவும் ஓர் எஸ் ஒட்டிக்கொண்டது. ஆகவே மாணவியரே, இலக்கணத்தில் 'விதிவிலக்கு' என்று நாம் மனப்பாடம் செய்பவற்றில் பல, ஒரு காலத்தில் ஒழுங்கான விதிகளாக இருந்தவையே.

அடுத்து வருவது எனக்கு மிகவும் வியப்பளித்த செய்தி. கையை மடக்கிப் புஜத்தை முறுக்கிப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று உருண்டு ஓடி எழும்பும். பண்டைய ரோமானியருக்கு அது சின்ன எலி ஒன்று தோலுக்குள் ஓடுவதுபோலத் தோன்றியது. சின்ன எலிக்கு இலத்தீனில் மூஸ்குலுஸ் என்று பெயர். அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்து 'மஸில்' ஆயிற்று. ஆம், தசை என்று நாம் சொல்லும் மஸில்தான்! பயில்வான்கள் மார்தட்டிக் காட்டுவதெல்லாம் சின்ன எலிகளையே. கிரேக்கர்களும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல்லை வழங்கினர். மருத்துவர்கள் இதயத்தின் தசையை மயோகார்டியம் என்றும், உடம்பு வலியை மயால்ஜியா என்றும் சொல்வது அந்தக் கிரேக்கச் சொல்லை வைத்துத்தான். காய்ச்சலில் உடம்பெல்லாம் வலிக்கிறது என்று படுத்திருப்பவர், சொல்லாராய்ச்சிப்படி, எலி வலியில் படுத்திருக்கிறார். (கிட்டப்பார்வைக்குச் சொல்லும் மயோப்பியா இதில் சேராது, அதற்கு வேர் கண்ணை இடுக்குதல் என்ற வேறொரு சொல். அவசரப்பட்டு எல்லாவற்றையும் எலியோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடாது.) கடற்பாறைகளில் ஒட்டி வாழும் ஒருவகைச் சிப்பிக்கும் ஆங்கிலத்தில் மஸில் என்றே பெயர். எழுத்து மட்டும் சற்று மாறும். அதுவும் அதே மூஸ்குலுஸ்தான்.

எலியே இல்லாத எலிகளும் ஆங்கிலத்தில் உண்டு. டிட்மௌஸ் என்பது ஒரு சின்னப் பறவை. அதன் பெயரின் பிற்பகுதி 'மாஸெ' என்ற ஒரு பழைய பறவைப் பெயர். மக்கள் அதை மறந்துபோய் மௌஸ் என்று மாற்றி ஒலித்தனர். விளைவு, அந்தப் பறவைகள் பலவானால் டிட்மைஸ்! வௌவாலுக்கு முன்பு ஃப்ளிட்டர்மௌஸ் என்ற பெயர் இருந்தது. ஜெர்மானியர் இன்றும் வௌவாலைப் படபடக்கும் எலி என்றும், பிரெஞ்சுக்காரர் வழுக்கை எலி என்றும் அழைக்கின்றனர். நமது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும், ஓரடி உயரமே உள்ள சருகுமானுக்கு ஆங்கிலத்தில் மௌஸ் டியர், அதாவது எலிமான். சருகு நிறத்தைக் கண்டு நாம் பெயரிட்டோம். அளவைக் கண்டு அவர்கள் பெயரிட்டார்கள். நம் பெயரே அழகு என்பது என் கட்சி.

தொழிலாளர் பேச்சிலும் சுண்டெலி புகுந்திருக்கிறது. பாரம் தூக்கும் கொக்கியின் வாய் திறந்திருந்தால் கயிறு நழுவிவிடும் அல்லவா? அதைத் தடுக்க மாலுமிகள் கொக்கியின் வாயைச் சணலாலோ கம்பியாலோ சுற்றிக் கட்டுவார்கள். அந்தக் கட்டுக்கு மௌஸிங் என்று பெயர். பழைய பாய்மரக் கப்பல்களில் கயிற்றின்மேல் எலி உடம்பு போலத் தடித்த முடிச்சைப் போட்டு மௌஸ் என்றனர். ஜன்னல் சட்டத்திற்குள் கயிறு கோக்க விரும்பும் தச்சர், ஒரு நூலின் நுனியில் சிறு ஈயத்துண்டைக் கட்டிக் கப்பியின் மேலாக உள்ளே இறக்குவார். அந்த ஈயத்துண்டும் மௌஸ்தான். நூல் அதன் வால்.

குத்துச்சண்டையில் கண்ணுக்குக் கீழே அடிபட்டு வீங்கிக் கறுத்தால் அந்த வீக்கத்திற்கும் அதே பெயர். ஷேக்ஸ்பியர் காலத்தில் பிரியமானவரைக் கொஞ்சும் செல்லப் பெயராகவும் இது வழங்கியது. ஹாம்லெட் நாடகத்தில் அரசியைப் பற்றிய பேச்சில் அது வருகிறது. நம் ஊரில் கிளியே, மயிலே என்பார்கள். எலியே என்று யாராவது கொஞ்சினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை! அதே நாடகத்தில் ஹாம்லெட் தன் மாற்றாந்தந்தையின் குற்றத்தை வெளிக்கொணர நடத்தும் உள்நாடகத்துக்கு எலிப்பொறி என்று பெயர் சூட்டுகிறான். அந்தப் பெயரையே அகதா கிறிஸ்டி தமது துப்பறியும் நாடகத்துக்கு வைத்தார். 1952 நவம்பரில் லண்டனில் தொடங்கிய அது, கொரோனா தொற்றால் 2020 மார்ச்சில் நிற்கும்வரை ஓயாமல் நடந்தது. 2021 மே மாதம் மீண்டும் திரை தூக்கினார்கள்.

மனிதர்களைக் குறிக்கும்போதோ, மௌஸ் என்றால் பெரும்பாலும் சத்தமில்லாதவர், கூச்சமுள்ளவர், பயந்தவர். 'நீ ஆணா, எலியா?' என்று சீண்டுவது ஆங்கிலேயர் வழக்கம். 'மௌஸி' என்று ஒரு பெண்ணைச் சொன்னால், பளிச்சென்று இல்லாதவள், யார் கண்ணிலும் படாதவள் என்று பொருள். அட்டையில் நான் எழுதிய தொடர் இவ்வளவு கடுமையானது இல்லையென்றாலும், அதே வளையில் பிறந்ததுதான். 'தேவாலயத்து எலியைப் போல ஏழை' என்ற தொடரும் உண்டு. இதைக் கேட்டு நம் மாணவிகள் விழிப்பார்கள். தேவாலயத்தில் சமையலறை இல்லை, சேமிப்பறை இல்லை. அங்கே குடியிருக்கும் எலிக்கு என்ன கிடைக்கும்? அதனால்தான் அந்தப் பெயர். ஜெர்மானியரும் இப்படியே சொல்கின்றனர். பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் அந்த இடத்தில் பெரிய எலியை வைத்துவிட்டார்கள். இதை நம் மடத்துச் சகோதரி ஒருவரிடம் சொன்னேன். "கோயில் எலி ஏழையாக இருக்கலாம், டீச்சர். எங்கள் சமையலறை எலியைப் பற்றி அப்படிச் சொல்லிவிடாதீர்கள்!" என்று சிரித்தார்.

இங்கேதான் நான் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. சத்தமில்லாத பெண் என்று பொருள்பட்ட இந்தச் சொல்லை, இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சில பெண்கள் தலைகீழாகப் புரட்டிப் போட்டார்கள். அங்கே பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை இல்லாத காலம் அது. 1903இல் திருமதி எம்மலைன் பாங்க்ஹர்ஸ்ட் மான்செஸ்டரில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். ஊர்வலம் போனார்கள், கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். பிறகு ஜன்னல் கண்ணாடிகளை உடைக்கவும், தபால் பெட்டிகளுக்குத் தீ வைக்கவும் தலைப்பட்டார்கள். அச்செயல்களை நான் சரியென்று சொல்ல வரவில்லை. சிறைக்கு அனுப்பப்பட்ட அப்பெண்கள் 1909 முதல் அங்கே உண்ணாவிரதம் தொடங்கினர். சிறை அதிகாரிகள் அவர்களைப் பிடித்து அமுக்கி, மூக்கின் வழியாகவும் வாயின் வழியாகவும் குழாயைச் செலுத்தி, கட்டாயமாக உணவைப் புகட்டினார்கள். அந்தக் கொடுமை வெளியே தெரிந்ததும் மக்கள் கொதித்தனர்.

அரசாங்கம் இதற்கு ஒரு தந்திரம் கண்டது. 1913 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. உண்ணாவிரதத்தால் உடல் நலிந்த கைதியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவர் தேறியவுடன் மறுபடி பிடித்து அடைத்து, தண்டனையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சிறையில் ஒருத்தி இறந்தாள் என்ற பழியும் வராது, தண்டனையும் குறையாது. பூனை எலியை வாயில் கவ்வும், பிறகு விடும், ஓடப்பார்த்தால் மீண்டும் கவ்வும், பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மக்கள் அதற்குப் 'பூனை எலிச் சட்டம்' என்று பெயர் சூட்டிவிட்டனர். சட்டத்தின் நீண்ட பெயரை இன்று நினைவில் வைத்திருப்போர் அரிது. பெண்கள் சங்கத்தார் ஒரு சுவரொட்டி அச்சிட்டனர். பெரிய பூனையின் கோரைப் பற்களுக்கிடையே துவண்டு கிடக்கும் ஒரு பெண், அவ்வளவுதான் படம்.

விடுதலையாகி வெளியே வரும் பெண்களைத் தோழிகள் 'எலிகள்' என்றே அழைத்தனர். லண்டனில் ஒரு வீட்டில் அவர்களுக்குக் கஞ்சி கொடுத்துத் தேற்றினார்கள். அந்த வீட்டுக்கு 'எலிக் கோட்டை' என்று பெயர். வாசலில் போலீஸ்காரர்கள் காத்திருப்பார்கள். எலிகளோ மாறுவேடத்தில் தப்பிப் போய் வேறொரு ஊர் மேடையில் பேசிக்கொண்டிருப்பார்கள்! திருமதி பாங்க்ஹர்ஸ்ட் மூன்றாண்டுத் தண்டனை பெற்றவர். அவரை இந்தச் சட்டத்தின்படி விடுவதும் பிடிப்பதுமாகப் பலமுறை அலைக்கழித்தனர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் கைதிகள் விடுவிக்கப்பட்டனர். 1918இல் முப்பது வயது நிரம்பி, சொத்துத் தொடர்பான தகுதியும் உடைய பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. ஆண்களுக்கு நிகராக இருபத்தொரு வயதில் என்பது 1928இல்தான் வந்தது. அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடிப் போன நான் இந்தப் பக்கங்களில் நெடுநேரம் இருந்துவிட்டேன்.

கடைசியாக, நீங்கள் எல்லாரும் முதலிலேயே நினைத்திருக்கக்கூடிய மௌஸ். கணிப்பொறி அறையில் வலக்கைக்கு அடியில் இருக்கிறதே, அது! அதன் வரலாறு அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற பொறியாளருக்கு, திரையில் தெரியும் சொற்களைச் சுட்டிக்காட்ட ஓர் எளிய கருவி தேவைப்பட்டது. அவருடைய யோசனையை 1964இல் பில் இங்கிலீஷ் என்ற சகப் பொறியாளர் செய்து முடித்தார். கையடக்கமான ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான். ஒரு சக்கரம் பக்கவாட்டு அசைவை அளக்கும். மற்றது முன்பின் அசைவை அளக்கும். போட்டிக் கருவிகளும் இருந்தன. ஒளிப்பேனா, நெம்புகோல், மேஜைக்கு அடியில் முழங்காலால் இயக்கும் ஒரு சாதனம்கூட! ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தபோது, பழகியவர் கையில் மரப்பெட்டியே விரைவாகவும் பிழை குறைவாகவும் வேலை செய்தது. முழங்கால் கருவி வென்றிருந்தால் நம் கணிப்பொறி வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மௌஸ் என்று அதற்கு யார் முதலில் பெயரிட்டார்? யாருக்கும் நினைவில்லை என்று எங்கெல்பார்ட்டே சொல்லியிருக்கிறார். கம்பி வால் போல நீண்டிருந்தது; ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அப்படி அழைத்தார்கள்; நிலைத்துவிட்டது. 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய கூட்டத்தின் முன் அவர் அதை இயக்கிக் காட்டினார். அதன் காப்புரிமை 1970 நவம்பரில் வழங்கப்பட்டது. அந்த ஆவணத்தில் மௌஸ் என்பது தலைப்பாக இல்லை; திரைக்கான இட அளவுகாட்டி என்பது போன்ற கனமான பெயரே இருந்தது. வீடுதோறும் மௌஸ் வரும் காலம் நெருங்குவதற்குள் அந்தக் காப்புரிமையின் பதினேழு ஆண்டுகள் ஓடிப்போயின. கோடிக்கணக்கில் விற்ற பொருளால் அதைக் கண்டுபிடித்தவர் செல்வந்தர் ஆகவில்லை. 2013இல் அவர் காலமானார். பின்னர் சக்கரம் போய் உருண்டை வந்தது, உருண்டை போய் ஒளி வந்தது, இப்போது வாலும் போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை. இந்த மௌஸுக்குப் பன்மை மைஸா, மௌஸஸா? இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன. தேர்வில் மைஸ் என்றே எழுதுங்கள்; திருத்துபவருக்கு வம்பில்லை.

தமிழில் இதற்குச் சுட்டி என்றும், சொடுக்கி என்றும், சுட்டெலி என்றும் பெயர் வைத்தார்கள். சுட்டெலியில் சுட்டுவதும் இருக்கிறது, எலியும் இருக்கிறது. சுண்டெலியின் சாயலும் இருக்கிறது. நல்ல கெட்டிக்காரர் ஒருவர் கண்ட சொல்! ஆனால் எனக்குப் பிடித்தது சுட்டி. சுட்டிப்பெண் என்றால் நம் வீடுகளில் யாரைச் சொல்வோம்? ஓரிடத்தில் நிற்காத, வாய் ஓயாத, துறுதுறுவென்று இருக்கும் பெண்ணை. ஆங்கிலத்தில் வாய் திறவாதவளுக்கான பெயரும் தமிழில் வாய் ஓயாதவளுக்கான பெயரும் ஒரே கருவியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இதையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் எட்டாம் வகுப்பில் சொன்னேன். புஜத்தை முறுக்கி எலியைத் தேடாத பெண்ணே இல்லை, வகுப்பே சிரித்தது. அட்டைக்காரி மூன்றாம் பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எலிக் கோட்டையைப் பற்றிச் சொன்னபோது கையைத் தூக்கினாள். காலாண்டு முழுவதும் தானாகக் கை தூக்காத பெண்.

"மிஸ், போலீஸ் வாசல்லயே நின்னா அவங்க எப்படித் தப்பிச்சாங்க?"

மாறுவேடத்தைப் பற்றிச் சொன்னேன். போதவில்லை அவளுக்கு. அடுத்த வாரம் நூலகத்திலிருந்து இங்கிலாந்து வரலாறு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள் என்று நூலகப் பொறுப்பாளர் சொன்னார்.

அரையாண்டு அட்டைகள் எழுதும் இரவு வந்தது. அவள் அட்டையை எடுத்தபோது பேனாவை மூடி வைத்துவிட்டுச் சற்று யோசித்தேன். பிறகு தமிழில் எழுதினேன்: "அமைதியானவள். நல்ல கேள்விகள் கேட்கிறாள்." இரண்டு நாள் கழித்து அட்டை திரும்பி வந்தது. பெற்றோர் கையொப்பமிடும் இடத்தில் அந்த அம்மா, எழுத்துக் கூட்டிக் கூட்டி, தம் முழுப் பெயரையும் எழுதியிருந்தார்.